சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் நிற்கவில்லை: மேல்தாங்கி வால்வு பழுதானால் என்ன செய்வது?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலுள்ள உங்கள் வீட்டில் குசினிக் குழாய் ஒழுகுகிறது. அதன் வாஷரை மாற்றுவதற்காக நீரை நிறுத்தப் போனால், மேல்தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் சுவருக்குள் பதித்திருக்கும் கேற் வால்வின் கைச்சக்கரம் முடிவில்லாமல் சுற்றுகிறதேயொழிய நீர் நிற்பதாயில்லை. பார்க்க வந்த பிளம்பர் சுவரை உடைத்து வால்வை முழுதாக மாற்றவேண்டும் என்கிறார். உடைக்காமல் ஒரு வழியுண்டா, மாற்றுவதாயின் எதைப் பூட்டுவது, நீர் வழங்கல் சபையின் இணைப்பையும் இதே பைப்பில் சேர்த்து ஒரு வால்வை இடையில் வைத்துக் கிணற்று நீரையும் சபை நீரையும் மாறிமாறி எடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். முதலிரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். மூன்றாவதற்குரிய பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. காரணத்தைப் பின்னர் எழுதுகிறேன்.

எதைச் செய்வதற்கும் முன்னர் அந்தச் சக்கரத்தைப் பலங்கொண்ட மட்டும் திருகுவதை நிறுத்துங்கள். பைப் றெஞ்ச் போட்டு இன்னும் இரண்டு திருகு திருகினால் அடைபட்டுவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் கேற் வால்வு இறுக்கத்தால் அடைபடுகிற பொருளன்று. அதற்குள் ஆப்பு வடிவான ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. அந்தத் தகடு தனக்குரிய பள்ளத்தில் இறங்கிச் சரியாகக் குந்தினால் நீர் நிற்கும். குந்தாவிட்டால் எவ்வளவு பலம் போட்டாலும் நிற்காது. ஜி.ஐ. பைப், அதாவது முலாம் பூசிய இரும்புப் பைப், ஓடுகிற பழைய வீடாக இருந்தால் ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் வெளியே நீங்கள் கொடுக்கும் விசை சுவருக்குள் துருவேறிக் கிடக்கும் மரையில் போய்ச் சேர்ந்து, வால்வு அசைவதற்கு முன்னரே பைப் உள்ளுக்குள் முறிந்துவிடும். பி.வி.சி. பைப்பாக இருந்தால் வால்வோடு சேர்ந்த சொக்கற் (பைப்பை இணைக்கும் துண்டு) வெடிக்கும். சொட்டுச் சொட்டாய் ஒழுகிய குழாயைத் திருத்தப் போனவர், தாங்கியிலுள்ள ஆயிரம் லீற்றரும் குசினிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

அடுத்ததாக, சுற்றுவது எது என்பதைக் கண்டுபிடிக்கவேண்டும். கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு சிறு நட் இருக்கும். அதன் நடுவே தண்டின் நுனி ஒரு சிறு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் குறுக்கே மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். சக்கரம் சுற்ற, கோடு அசையாமல் அப்படியே நின்றால் வால்வில் ஒரு குறையும் இல்லை. சக்கரத்தின் சதுரத் துளை தேய்ந்துவிட்டது அல்லது நட் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நட்டை இறுக்கிப் பாருங்கள். துளை தேய்ந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தண்டின் சதுர முனையைச் சிறிய ஸ்பனரால் பிடித்துத் திருப்பலாம். பிளம்பர் சுவரை உடைக்கச் சொன்ன சில வீடுகளில் பிரச்சினை இந்த ஒரு நட்டோடு முடிந்ததுண்டு.

கோடும் சேர்ந்து சுற்றினால், எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணுங்கள். வீடுகளில் பூட்டும் அரை அங்குல, முக்கால் அங்குல கேற் வால்வுகள் முழுதாகத் திறந்த நிலையிலிருந்து ஒரு சில சுற்றிலேயே அடைபட்டுவிடும். எங்கும் முட்டாமல் பத்து, பதினைந்து சுற்று சுற்றிக்கொண்டே போகிறதென்றால் தண்டின் மரை தேய்ந்துவிட்டது, அல்லது தண்டு தகட்டிலிருந்து கழன்றுவிட்டது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த வகையாகத்தான் இருக்கவேண்டும். இதிலுள்ள இன்னொரு சங்கடம் என்னவென்றால், கழன்ற தகடு இப்போது மேலே சிக்கியிருக்கிறது. நாளைக்கோ அடுத்த கிழமையோ தானாகவே கீழே விழுந்து, வீடு முழுவதும் நீர் நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால் மோட்டரிலோ தாங்கியிலோ பிழை தேடி அலையாதீர்கள்.

சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதற்கு மேல் போகாமல் முட்டி நின்று, அப்போதும் நீர் மெல்லியதாக வந்துகொண்டிருந்தால், தகடு குந்தவேண்டிய பள்ளத்தில் சுண்ணாம்புப் படிவோ மண்ணோ இருக்கிறது. இதற்குப் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. கீழ்மட்டத்திலுள்ள ஒரு குழாயை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வை முக்கால்வாசி அடைத்து அரைச் சுற்றுத் திறந்து, மீண்டும் அடைத்து, இப்படியே பல தடவை செய்தால், ஒடுங்கிய வழியால் வேகமாகப் பாயும் நீர் பள்ளத்திலுள்ள மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். குழாயில் கலங்கலாகவும் வெள்ளைத் துணுக்குகளாகவும் வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மண்ணாயின் பெரும்பாலும் இதிலேயே சரிவரும். படிவு கல்லாய் இறுகியிருந்தால் வராது.

வால்வு சரியாக அடைபடுகிறது, ஆனால் தண்டின் அடியால் கசிகிறது என்பது வேறு விடயம். சக்கரத்துக்குக் கீழே தண்டைச் சுற்றியுள்ள நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பார்த்தால் போதும். நிற்காவிட்டால் இன்னும் எட்டில் ஒன்று. அதற்கும் நிற்காவிட்டால், வால்வுக்கு மேலே நீரை நிறுத்திவிட்டு அந்த நட்டைக் கழற்றி, உள்ளேயுள்ள பழைய திரியை எடுத்துவிட்டுப் புதிய கிளாண்ட் திரி சுற்றவேண்டும். இந்தக் கசிவுக்காக வால்வை மாற்றுவது வீண்செலவு.

யாழ்ப்பாணத்தில் வால்வுகள் இவ்வளவு விரைவாகக் கெடுவதற்குக் காரணம் வால்வில் பாதி, தண்ணீரில் பாதி. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சாமான்தான் வால்வுக்குள்ளும் படிகிறது. நீர் ஓடுகிற இடத்தைவிட நீர் தேங்குகிற இடத்தில் அது இன்னும் நன்றாகப் படியும். கேற் வால்வின் பள்ளமும் தகடு ஏறி ஒளிந்திருக்கும் மேல் அறையும் அப்படி நீர் தேங்கும் இடங்கள். வருடக்கணக்காகத் திறந்தபடியே கிடக்கும் வால்வில் தகடு மேல் அறையிலேயே படிவோடு ஒட்டிப் பிடித்துவிட, அவசரத்துக்கு ஒருநாள் நீங்கள் திருகும்போது தகடு வராமல் தண்டின் மரை மட்டும் அறுந்துபோகிறது. உங்கள் வால்வுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான்.

மற்றக் காரணம் சவர், அதாவது நீரிலுள்ள உப்பு. இங்கே நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது; நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மாசி, பங்குனி தாண்டி வெயில் ஏற ஏற, மோட்டர் போட்டு இறைக்க இறைக்க, கரையோரக் கிணறுகளிலும் தீவுப்பகுதிக் கிணறுகளிலும் உப்பு கூடிக்கொண்டே போகும். பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகமும்) கலந்த உலோகம். குளோரைட்டு கூடிய நீரில் காலப்போக்கில் நாகம் மட்டும் கரைந்து வெளியேற, எஞ்சுவது சல்லடையாய்ப்போன செம்பு. பழைய வால்வைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சளாக இருக்கவேண்டிய தண்டு இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். கையால் வளைத்தாலே சிலவேளை முறியும். வெளியே வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது உள்ளே நடக்கும் வேலையின் அறிகுறி. அப்படிப்பட்ட வால்வைத் திருத்துவதில் பயனில்லை; அடுத்த முறை முறியப் போவது தண்டாக இராது, உடலாக இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். வால்வே பழுதென்றால் அதைக் கழற்றுவதற்கு அதற்கும் மேலே, அதாவது தாங்கியிலேயே, நீரை நிறுத்தவேண்டும். முதலில் மோட்டரை நிறுத்தி, பிறேக்கரையும் கீழே போட்டுவிடுங்கள். தாங்கியின் மட்டம் குறைந்ததும் தானாக மோட்டரை ஓடவைக்கும் சுவிட்ச் பூட்டியிருந்தால் இது மிக முக்கியம். நீங்கள் தாங்கியை வெறுமையாக்க ஆக்க அது நிரப்பிக்கொண்டே இருக்கும். இதையொட்டி இன்னொன்றும் சொல்லவேண்டும்: கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறும் பைப்பிலும் ஒரு வால்வு இருக்கும். நீர் நிற்கட்டும் என்று மோட்டர் ஓடும்போது அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். போக வழியில்லாத நீர் மோட்டரின் தலைக்குள்ளேயே சுழன்று சூடேறி, கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைக் கருக்கும், அல்லது பைப்பை எங்காவது வெடிக்க வைக்கும். ஏறுகிற பைப்பின் வால்வுக்கும் உங்கள் குசினிக் குழாய்க்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

தாங்கியை வெறுமையாக்க விரும்பாவிட்டால், அதாவது ஆயிரம் லீற்றர் நீரைக் கானுக்குள் விட மனமில்லாவிட்டால், அதன் வெளிவாயை உள்ளிருந்தே அடைக்கலாம். ஒரு பக்கம் ஒடுங்கிய மரமுளை ஒன்றைச் சீவி எடுத்து, அதைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் துண்டொன்றை இறுக்கிக் கட்டி, அகன்ற பக்கத்தில் ஒரு கயிற்றையும் கட்டித் தாங்கியின் மூடியோடு சேர்த்து முடிந்துவிட்டு, வெளிவாயில் செருகவேண்டும். வேலை நடக்கும் நேரத்தில் முளை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை: நீர்தான் அதை உள்ளே அழுத்துகிறது, அதுவும் பெரிய அழுத்தமன்று. ஒரு மீற்றர் ஆழ நீர் ஓர் அங்குல வாயின் மேல் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ அரைக் கிலோ பாரத்துக்குச் சமம். உண்மையான கவனம் வேறோர் இடத்தில் தேவை. கீழே குழாய்களைத் திறந்ததும் பைப்பில் தொங்கி நிற்கும் நீர் முளையைக் கீழ்நோக்கி உறிஞ்சும். முளை போதிய அளவு தடிப்பாக இல்லாவிட்டால் பைப்புக்குள் போய் இறுகிவிடும். ஆகவே தடித்த பக்கம் வாயைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும். கயிறும் உறுதியாக இருக்கட்டும். வெளிவாயையடுத்துக் காற்றுப் பைப் ஒன்று மேல்நோக்கி வைத்திருக்கும் வீடுகளில் இந்த உறிஞ்சல் இராது.

தாங்கி கழுவிக் கனகாலம் ஆகியிருந்தால் முளை வேண்டாம். முதல்நாள் இரவே மோட்டரை நிறுத்தி, இருக்கும் நீரைப் பாவித்து, வாளிகளிலும் அண்டாவிலும் தேவையானதை நிறைத்து வைத்துவிட்டு, மிச்சத்தை அடியிலுள்ள கழிவுவாயால் விட்டுக் கழுவுங்கள். அடியில் கிடக்கும் சேறுதான் வால்வின் பள்ளத்தில் போய்ப் படிவது என்பதால் இதுவும் வால்வுக்குச் செய்யும் வேலைதான். எந்த வழியானாலும் காலையில் தொடங்குங்கள். ஹாட்வெயார் கடைகள் பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் வால்வைக் கழற்றுவது புத்திசாலித்தனமன்று.

சுவரை உடைக்காமல் வழியுண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் அதற்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். கேற் வால்வு இரண்டு பகுதிகளால் ஆனது: பைப்போடு இணைந்திருக்கும் உடல் ஒன்று, தண்டும் தகடும் சக்கரமும் சேர்ந்த தலைப்பகுதி மற்றொன்று. தலைப்பகுதி உடலின் மேல் ஒரு பெரிய அறுகோண மரையால் பூட்டப்பட்டிருக்கிறது. சுவருக்குள் பதித்த வால்வுகளில் அநேகமாக இந்தத் தலை மட்டும் சீமெந்துக்கு வெளியே தெரியும், அல்லது அதைச் சுற்றிக் கொஞ்சம் கொத்தினால் தெரியும். அதே பெயர், அதே அளவு, அதே மாதிரி வால்வொன்று கடையில் கிடைத்தால், அதன் தலைப்பகுதியைக் கழற்றி உங்கள் பழைய உடலில் பூட்டிவிடலாம். பழைய வால்வின் உடலில் வார்த்திருக்கும் பெயரைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தலையைக் கழற்ற முடிந்தால் அதைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. பழைய தலையைக் கழற்றும்போது ஒரு றெஞ்சால் உடலைப் பிடித்துக்கொண்டு மற்றதால் தலையைத் திருப்பவேண்டும். உடலைப் பிடிக்க இடமில்லாதபடி சுவருக்குள் ஆழமாக இருந்தால் இந்த முயற்சியில் இறங்காதீர்கள்.

தலையைக் கழற்றியதும் டோர்ச் அடித்து உடலின் உள்ளே பாருங்கள். கழன்ற தகடு உள்ளே கிடந்தால் மூக்குக் குறட்டால் எடுக்கலாம். பள்ளத்தில் வெள்ளைப் படிவு இருந்தால் வினாகிரியில் அல்லது சிற்றிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியை உள்ளே திணித்துச் சில மணித்தியாலம் விட்டால் இளகும். புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்குகிற வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மலசலகூடம் கழுவும் அமிலத்தை மட்டும் ஊற்றவேண்டாம். அது படிவை நொடியில் கரைக்கும், ஆனால் பித்தளையிலுள்ள நாகத்தையும் சேர்த்தே தின்னும்; எஞ்சியது நீங்கள் குடிக்கும் தண்ணீரோடும் வரும். படிவு போன பிறகு பள்ளத்தின் ஓரங்கள் மஞ்சளாகவும் வழுவழுப்பாகவும் தெரிந்தால் புதிய தலையைப் பூட்டலாம். செம்பு நிறமும் குழிகளும் தெரிந்தால் உங்கள் பிளம்பர் சொன்னதுதான் சரி.

உடைத்துத்தான் மாற்றவேண்டும் என்றாலும், பழைய இடத்திலேயே மாற்றவேண்டும் என்று கட்டாயமில்லை. இங்கே என் அபிப்பிராயம் சற்றுக் கண்டிப்பானது: ஒரு வீட்டின் முதன்மை வால்வு சுவருக்குள் இருக்கவே கூடாது. அழகுக்காகப் பதித்து, மேலே ஓடு ஒட்டிய வால்வு, பழுதாகும் நாளில் அந்த அழகையும் சேர்த்து உடைக்க வைக்கும். தாங்கியிலிருந்து இறங்கும் பைப் எங்கோ ஓரிடத்தில் வெளிச்சுவரோடு வெளியே தெரிந்துகொண்டு வருமல்லவா, அந்த இடத்தில் நெஞ்சு உயரத்தில் புதிய வால்வைப் பூட்டிவிட்டு, சுவருக்குள் இருக்கும் பழையதின் தலையை மட்டும் மாற்றியோ, தகட்டை எடுத்துவிட்டோ, திறந்தபடியே விட்டுவிடலாம். தகட்டை எடுத்தாலும் தலைப்பகுதியைத் திரும்பப் பூட்டத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டையால் நீர் வரும். தாங்கிக் கோபுரத்தின் உச்சியில் தாங்கியோடு ஒட்டி ஒரு வால்வு மட்டும் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதையே சொல்வேன். இரவு பத்து மணிக்கு குளியலறைப் பைப் வெடித்தால், வயதான ஒருவரும் ஏணி இல்லாமல் போய் அடைக்கக்கூடிய இடத்தில் வால்வு இருக்கவேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக்குக் கால் சுற்றில் அடைபடும் ‘போல் வால்வை’த்தான் சொல்வேன்; அதற்குள் தகட்டுக்குப் பதிலாகத் துளையுள்ள ஓர் உருண்டை இருக்கும். கைப்பிடி பைப்பின் போக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் அடைபட்டிருக்கிறது. எட்ட நின்றே பார்த்துச் சொல்லலாம். மண் படியப் பள்ளமும் இல்லை. கிணற்றுத் தாங்கியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் மிகக் குறைவு என்பதையும் கவனியுங்கள்: தாங்கியின் நீர்மட்டம் குழாயைவிட 15 அடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.45 பார் மட்டுமே. ஆகவே நடுத்துளை ஒடுங்கிய மலிவான போல் வால்வு பூட்டினால் குளியலறையில் ஷவர் நீர் மெலிந்துபோகும். கடையிலேயே திறந்து ஊடாகப் பாருங்கள். துளை பைப்பின் உள்வட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கவேண்டும். ஒரு சிறு காந்தத்தையும் கொண்டுபோங்கள். உள்ளேயுள்ள உருண்டையில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. நம்மூர் நீரில் அதன் முலாம் கனகாலம் நில்லாது. ஒரே அளவுள்ள இரண்டு வால்வுகளைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாரமானதையே எடுங்கள். நாவாந்துறை, குருநகர் போன்ற கரையோரங்களிலும் தீவுகளிலும் உள்ளவர்கள் நல்ல தரமான பி.வி.சி. போல் வால்வையே பூட்டலாம். அதை உப்பு ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரி வெயில்தான். நேர்வெயில் படும் இடமாயின் மேலே ஒரு மூடியோ, ஒரு பூச்சுப் பெயின்ற்றோ வேண்டும்.

பூட்டும் முறையில் இரண்டு மூன்று விடயங்களை மட்டும் சொல்கிறேன், மற்றவை பிளம்பருக்குத் தெரிந்தவையே. வால்வின் ஒரு பக்கத்தில் கட்டாயமாக ஒரு யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு) வையுங்கள். அடுத்த முறை பைப்பை வெட்டாமல் கையாலேயே கழற்றலாம். பித்தளை வால்வாயின் அதன் உள்மரைக்குள் வெளிமரையுள்ள பி.வி.சி. வால்வ் சொக்கற்றைத் திருகவேண்டுமேயன்றி, பித்தளையின் வெளிமரையை உள்மரையுள்ள பி.வி.சி. போசெற் சொக்கற்றுக்குள் இறுக்கக்கூடாது. இறுக்க இறுக்க அது விரிந்து, அன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் வெடிக்கும். த்ரெட் டேப்பை மரை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு வலஞ்சுழியாகச் சுற்றவேண்டும். ஒட்டும் பி.வி.சி. போல் வால்வாயின் அதைத் திறந்த நிலையில் வைத்தே ஒட்டவேண்டும், பசையையும் அளவாகவே பூசவேண்டும். வழிந்த பசை உருண்டையில் பட்டால் புத்தம்புது வால்வு அன்றைக்கே அசையாமல் போய்விடும். ஒட்டி அரைமணித்தியாலத்தில் நீரைத் திறந்துவிட அவசரப்படுபவர்கள் உண்டு. இயலுமானால் ஒருநாள் விடுங்கள், இயலாவிட்டால் பின்னேரம் வரையாவது பொறுங்கள்.

நீரைத் திறக்கும்போது முதலில் எல்லாக் குழாய்களையும் கொஞ்சமாகத் திறந்து வைத்துவிட்டு, வால்வைப் பையப்பையத் திறவுங்கள். பைப்புக்குள் அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தாங்கி நீரில் அழுத்தம் குறைவு என்பதால் காற்று எங்காவது ஒரு வளைவில் தங்கிவிட்டால் ஒரு குளியலறைக்கு மட்டும் நீர் வராது. அப்போது புதிய வால்வைச் சந்தேகிக்காமல், அந்தக் குழாயை முழுதாகத் திறந்து மற்றவற்றை அடைத்துப் பாருங்கள். குழாய்களின் வாயிலுள்ள வலைகளைக் கழற்றிக் கழுவுங்கள். கிளம்பிய படிவெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். அதன் பின் மாதத்துக்கு ஒரு முறை வால்வை முழுதாக அடைத்துத் திறவுங்கள். போல் வால்வைப் பாதி திறந்தபடி விடாதீர்கள். கேற் வால்வு வைத்திருப்பவர்கள் முழுதாகத் திறந்தபின் அரைச் சுற்றுத் திரும்ப அடைத்து விட்டால் தகடு மேலே ஒட்டிப் பிடிக்காது.

இனி அந்த மூன்றாவது கேள்வி. வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரக்கூடியது. அதன் பின் குடாநாட்டில் வீட்டுக்கு வீடு சபையின் இணைப்பு எடுக்கும் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் கிணற்றை ஒருவரும் மூடிவிடவில்லை, மூடவும் தேவையில்லை. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு நீர், இரண்டுக்கும் நடுவில் ஒரு ‘றீ’யும் (மூன்று பைப்புகளை இணைக்கும் துண்டு) ஒரு வால்வும் என்ற ஏற்பாடு பல இடங்களில் வந்துவிட்டது. இவ்வளவு நேரமும் வால்வுகள் எப்படிக் கெடும் என்று எழுதியதையெல்லாம் இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். உங்கள் கேற் வால்வு அடைபடவில்லை என்பது குசினிக் குழாய் ஒழுகிய நாளில்தான் உங்களுக்குத் தெரியவந்தது. இரண்டு நீருக்கும் நடுவில் இருக்கும் வால்வு அடைபடவில்லை என்பதை அறிவதற்கு அப்படியொரு நாளும் வராது. சபையின் பைப்பில் அழுத்தம் குறையும் நேரத்தில், தாங்கியிலோ மோட்டரிலோ இருந்து கிணற்று நீர் அந்த வால்வைத் தாண்டிச் சபையின் பைப்புக்குள் போகும். மலக்குழிக்குக் கிட்டவுள்ள உங்கள் கிணற்று நீரை அயல்வீட்டுக் குழந்தை குடிக்கும். பின்னோட்டத் தடை வால்வு ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அதன் மடலிலும் இதே சுண்ணாம்புதான் படியும்.

சரியான முறை ஒன்றுதான். சபையின் பைப்பும் கிணற்றின் பைப்பும் ஒன்றையொன்று எங்கும் தொடக்கூடாது. குடிக்கவும் சமைக்கவும் சபை நீருக்குக் குசினியில் தனிக்குழாய் வையுங்கள். குளிக்க, தோய்க்க, மரங்களுக்கு விட, தாங்கியிலிருந்து வரும் கிணற்று நீர். சபை நீரையும் தாங்கியில் சேமிக்கவேண்டுமாயின் அதற்கென்று சிறிய தாங்கியொன்றை வைத்து, பைப்பின் வாய் அதன் நீர்மட்டத்தைத் தொடாதபடி வழிவாய்க்கு மேலே இடைவெளி விட்டு விழவிடுங்கள். நடுவில் காற்று இருந்தால் நீர் திரும்பிப் போக வழியில்லை.

சபையின் இணைப்பில் இரண்டு வால்வுகள் இருக்கும். நீர்மானிக்குப் பிறகு வீட்டுப் பக்கம் இருப்பது உங்களுடையது. மேலே சொன்னபடி நீங்களே மாற்றலாம். நீர்மானிக்கு முன், வீதிப்பக்கம் இருப்பதும் நீர்மானியின் முத்திரையும் சபைக்குரியவை. அவற்றில் நீங்களோ உங்கள் பிளம்பரோ கைவைக்கக்கூடாது. அது அடைபடாமலோ கசிந்துகொண்டோ இருந்தால் 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து, நீர்க்கட்டணப் பட்டியலிலுள்ள கணக்கு இலக்கத்தைச் சொல்லி முறையிடுங்கள். உங்கள் பக்க வால்வு சரியாக அடைபடுகிறதா என்று பார்ப்பதற்கு நீர்மானியையே பயன்படுத்தலாம்: இரவு படுக்கப்போகும் முன் அந்த வால்வை அடைத்து, வீட்டினுள் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, அடியில் வாளி வைத்து, மானியின் கடைசிச் சிவப்பு இலக்கங்களைக் குறித்து வையுங்கள். காலையில் இலக்கம் மாறியிருந்தால், அல்லது வாளிக்குள் பைப்பில் மிஞ்சியிருந்ததை விடக் கூடுதலாக நீர் சேர்ந்திருந்தால், வால்வு அடைபடவில்லை.